மதர்போர்டு போச்சுன்னு சொன்னா உடனே நம்பாதீங்க

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் 2013இல் அசெம்பிள் செய்தது. மூன்றாம் தலைமுறை ஐ3 ப்ராசசர், எச்61 மதர்போர்டு (எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகை), 4 ஜிபி ரேம். ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் டைப் அடிக்கிறேன், எல்லாம் இந்தப் பெட்டியில்தான். சில வருஷத்துக்கு முன் ஆவணி முகூர்த்த நேரத்தில், பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால், "மதர்போர்டு போச்சுக்கா, புதுசு வாங்கிருங்க" என்றார்கள். வாடிப்போய்த் திரும்பி வந்தேன். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன், "அத்தை, பென்சில் ரப்பர் இருந்தா குடுங்க" என்றான். ரேமைக் கழற்றித் தேய்த்து மாட்டினான். படம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நானே திறந்து பார்க்கப் பழகிக்கொண்டேன்.

திறப்பதற்கு முன் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனை ஐந்தாறு செகண்ட் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். பிறகு கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும்.

முதலில் ரேம். இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் மேலே எழும்பும். அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மை அழிக்கிற சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், பூச்சையே சுரண்டிவிடும். போர்டுக்கு மேலே வைத்துத் தேய்க்காதீர்கள், ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழும். திரும்ப மாட்டும்போது இரண்டு கிளிப்பும் 'டக்'கென்று மூடும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது கெட்டது என்று தெரிந்துவிடும். புதிதாக வாங்கப் போனால் டிடிஆர்3 என்று சொல்லிக் கேளுங்கள். டிடிஆர்4 இந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

அடுத்தது தூசி. எங்கள் ஊரில் இது தனிக் கதை. சுற்றிலும் பஞ்சாலை, அந்தப் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி. அரை மணி நேரம் ஓடியதும் கம்ப்யூட்டர் தானாக அணைந்துகொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் ப்ராசசர் ஃபேன் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனைக் கழற்றியபோதுதான் அதற்கும், அடியில் ப்ராசசர் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்குக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் சின்ன மெத்தை மாதிரிப் பஞ்சு படிந்திருந்தது தெரிந்தது. ஒரே துண்டாகப் பிய்ந்து வந்தது. காற்று கீழே இறங்க வழியே இல்லை. சூடு எல்லை மீறினால் ப்ராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் அணைந்துவிடும்.

பெயின்ட் பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும். ஹீட் சிங்க்கையே கழற்றினால் ப்ராசசர் மேல் சூடு கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, சின்னப் பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் நடுவில் வையுங்கள். இன்டெல் ப்ராசசரோடு சேர்ந்து வரும் ஃபேனுக்கு நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின் இருக்கும். மாட்டும்போது எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ஒரு பின் சரியாக உட்காராவிட்டாலும் சூடு குறையாது. நான் முதல் தடவை அப்படித்தான் மாட்டிவிட்டு, பேஸ்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே கேபினெட் பின்பக்கம் மூடியில்லாத ஸ்லாட் இருந்தால் அடைத்துவிடுங்கள். பல்லி முட்டை இரண்டு முறை எடுத்திருக்கிறேன்.

தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கிறதா? எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்கிறதா? வைரஸ் இல்லை, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளஸ் குறி மேலே இருக்கும்படி போட வேண்டும். பழைய பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருக்கும்போதே பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் போர்டு செட்டிங்) திரைகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். விண்டோஸ் போட்டபோது பயாஸில் சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ஐடிஇ என்று இருந்து, இப்போது ஏஎச்சிஐ என்று மாறினால் நீலத் திரைதான் வரும். அதைப் பழையபடி மாற்றினாலே போதும். இதற்காக விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம் என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் எந்நேரமும் 100 சதவீதம் என்று நின்றால் ஹார்ட் டிஸ்க் திணறுகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். மஞ்சளாகக் காட்டி, டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 05, சி5, சி6 வரிகளில் எண் ஏறியிருந்தால் வேறெதுவும் செய்யாமல் முதலில் ஃபைல்களை வெளியே காப்பி எடுங்கள். டிஸ்க் பிழையைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் எல்லாம் அப்புறம். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், மாற்றிப் பாருங்கள்.

டிஸ்க்கை மாற்றுவதென்றால் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். எச்61 போர்டில் இருப்பது பழைய 3 ஜிபிபிஎஸ் சாட்டா, அதனால் எஸ்எஸ்டி அட்டையில் போட்டிருக்கும் வேகத்தில் பாதிதான் கிடைக்கும். இருந்தாலும் ஆன் செய்துவிட்டு காபி போட்டு வருகிற பழக்கம் எனக்குப் போய்விட்டது.

கரண்ட் போன நொடியே கம்ப்யூட்டரும் அணைந்தால் யுபிஎஸ் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். வீட்டு யுபிஎஸ் பெரும்பாலானதில் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரிதான். அதை மட்டும் மாற்றினால் போதும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள், சூடேறும்போது ஏகமாக இழுக்கும்.

கடைசியாக விண்டோஸ். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள், நான் செய்யவில்லை. நெட் பார்க்க, பில் கட்ட என்றால் விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். பத்திரிகை வடிவமைக்கிற என் பேஜ்மேக்கர் ஃபைல்களும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளும் விண்டோஸை விட்டு நகராது. அதனால் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். பாங்க் வேலையெல்லாம் போனில், பத்திரிகை வேலை மட்டும் இதில். பென்டிரைவ் சொருகினால் ஸ்கேன் பண்ணாமல் திறப்பதில்லை.