வேகம் குறைந்த பழைய மடிக்கணினியை மீட்டெடுக்கும் முறை

பத்தாண்டு உழைத்த மடிக்கணினி, பொத்தானை அழுத்தி மூன்று நிமிடம் கழிந்தும் கடவுச்சொல் கேட்காமல் நின்றால், அதன் ஆயுள் முடிந்துவிட்டதென்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதன் செயலி (கணக்கிடும் சிப்) நல்ல நிலையில்தான் இருக்கும். அதற்குத் தரவை எடுத்துத் தரும் ஹார்டு டிஸ்க்கோ, அதன் சூட்டைத் தணிக்கும் விசிறியோ தளர்ந்திருக்கும். ஆகவே, எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், எது தளர்ந்திருக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் டிஸ்க்கின் பயன்பாடு 100 விழுக்காட்டில் நின்று, செயலியின் பயன்பாடு குறைவாக இருந்தால், தடை ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. நினைவகம் ஏறக்குறைய நிரம்பியிருந்தால், ரேம் எனப்படும் அந்தத் தற்காலிக நினைவகம் போதவில்லை. தொடக்கத்தில் விரைவாக ஓடிச் சில நிமிடங்களில் செயலியின் வேகத்தைக் காட்டும் கிகாஹெர்ட்ஸ் அளவு சரிந்தால், சூடுதான் காரணம். செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இந்த அளவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னர் ஒப்பிட உதவும்.

அடுத்து, ஹார்டு டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளும், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற மென்பொருளும் இதைக் காட்டும். 5-ஆம் எண்ணுக்கு நேராக இருப்பது பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197-ஆம் எண்ணுக்கு நேராக இருப்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இவை பூச்சியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் தரவை வெளியே நகலெடுக்க வேண்டும். டிஸ்க் நலமாக இருந்தாலும் நகல் கட்டாயம் தேவை. நகலெடுத்த பின், சில படங்களையும் ஆவணங்களையும் வேறொரு கணினியில் திறந்து பார்த்தால்தான் அதை நகல் என்று நம்பலாம்.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பொருத்துவதே மிகப் பெரிய மாற்றத்தைத் தரும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டில், தேவையான இடம், தரவைப் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 5.6 மில்லிவிநாடி ஆகும். முனை நகரும் நேரம் அதற்கு மேல். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இப்படித் தேடப்படுகின்றன. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லாததால் இந்தக் காத்திருப்பு அறவே நீங்கிவிடுகிறது. சாட்டா எனப்படும் வகை டிஸ்க் இணைப்பு உள்ள பழைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனும் புதியது 7 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டிருந்தால், இடைவெளியை நிரப்பும் சட்டம் ஒன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். ரேம் வாங்கும்போது மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்: 2013-க்குப் பின் வந்த மடிக்கணினிகளில் பல, 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையை மட்டுமே ஏற்கும்.

திறப்பதற்கு முன் கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியை அகற்றி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரி உள்ளே இருக்கும் வகையானால், அடிமூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதன் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ நெம்பவோ கூடாது. திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நீளத்தில் வேறுபடும். நான் முதன்முதலில் பிரித்த கணினியில், ஒரு நீளத் திருகாணியைக் குட்டைத் திருகாணிக்குரிய துளையில் முறுக்கியதால், மேல்பக்கம் கை வைக்கும் இடத்தில் ஒரு புடைப்பு நிரந்தரமாக விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அடிமூடியின் படத்தை ஓர் அட்டையில் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் படத்தில் அதற்குரிய இடத்திலேயே குத்தி வைக்கிறேன். ரிப்பன் கேபிள்களை ஒருபோதும் இழுக்காதீர்கள். அவற்றின் வாயில் உள்ள மெல்லிய தாழ்ப்பாளை நகத்தால் மெதுவாகத் தூக்கினால் கேபிள் தானே தளர்ந்து வரும்.

விசிறியைத் திறந்து பார்த்தால், அதற்கும், சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்து, காற்றுப்போக்கையே அடைத்திருப்பதைக் காணலாம். வெளியிலிருந்து காற்றடித்தால் அது உள்ளுக்குள் இன்னும் இறுகக்கூடும். திறந்து, முள்வாங்கியால் எடுப்பதே சரி. எஞ்சியதைக் காற்றடித்து அகற்றும்போது, விசிறி அளவுமீறிச் சுழன்று பழுதாகாதபடி அதன் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் செயலியின் சூட்டை அதற்குக் கடத்தும் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, செயலியின் மேல் ஓர் அரிசியளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். ஹீட்சிங்க்கில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும் வரிசைப்படி, ஒரே மூச்சில் இறுக்காமல், சுற்றுக்குச் சிறிதாக முடுக்க வேண்டும். சூட்டைக் கடத்தும் மென்மையான மெத்தை (தெர்மல் பேட்) இருந்த இடத்தில் பேஸ்ட் தடவக் கூடாது, இடைவெளியை அது நிரப்பாது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் மைக்ரோசாஃப்ட் பட்டியலிட்ட செயலிகளும் தேவைப்படும் விண்டோஸ் 11-ஐ இத்தகைய பழைய கணினிகளில் பெரும்பாலானவை முறைப்படி ஏற்பதில்லை. எனவே 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின், எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே நான் பரிந்துரைக்கிறேன். தரவிறக்கிய கோப்பு பழுதின்றி வந்ததா என்று அதன் எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, அதைப் பென்டிரைவில் எழுதி, நிறுவுவதற்கு முன் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரையின் ஒளி அளவு, மூடித் திறந்தால் விழித்தெழுவது ஆகிய நான்கும் சரியாக இருந்தால் நிறுவலாம்.

எல்லாத் திருகாணிகளையும் போடும் முன் ஒருமுறை இயக்கி, புதிய டிஸ்க்கும் ரேமும் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) தெரிகின்றனவா, விசிறி சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் அணைத்து மூடி, முதலில் எழுதி வைத்த அளவுகளைத் திரும்ப எடுத்து ஒப்பிடலாம். பழைய எண்கள், புதிய எண்கள், பேஸ்ட் மாற்றிய தேதி ஆகிய மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி, அடுத்து திறப்பவர் கண்ணில் படும்படி அந்தத் திருகாணி அட்டையோடு சேர்த்து வைத்துவிடுகிறேன்.