உங்கள் நிரல் சரியாகத்தான் இயங்குகிறதா? ‘சிங்கப்பூர்’ என்ற சொல்லைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்

பொழுதுபோக்காக நிரல் எழுதத் தொடங்கியவர்களில் பலர், திரையில் ஏதோ ஒரு விடை தோன்றியதுமே வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். விடை வருவது வேறு, சரியான விடை வருவது வேறு. தமிழ்ச் சொல்லின் எழுத்துகளை எண்ணும் சிறிய நிரல் ஒன்றை, பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதியதாகக் கொண்டு இதைப் பார்ப்போம்.

முதல் படி: நிரலை இயக்கும் முன்பே விடைகளைத் தாளில் எழுதி வையுங்கள். சி, ங், க, ப், பூ, ர் எனச் ‘சிங்கப்பூர்’ 6 எழுத்து, ‘ஜூரோங்’ 3, இடைவெளியை விட்டுவிட்டால் ‘தோ பாயோ’ 3, எதுவுமே இல்லாத வெற்றுச் சரம் 0. நிரல் சொல்லும் எண்ணை முதலில் பார்த்துவிட்டால், அதற்கு ஏற்றபடி காரணம் தேடவே மனம் முனையும். ‘க்ஷ’வை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்து எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: நீளத்தை எண்ணிச் சொல்லும் பைத்தானின் ‘லென்’ (len) செயற்கூற்றிடம் ‘சிங்கப்பூர்’ என்ற சொல்லைக் கொடுத்தால் 11 என்று வரும். கணினி எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படும் குறியீட்டு முறையான யூனிகோட்டில் ‘சி’ என்பது சகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ‘ங்’ என்பதிலும் புள்ளி தனிக் குறியீடு. எனவே உயிர்க்குறிகளையும் புள்ளியையும் இடைவெளியையும் தவிர்த்து எண்ணுமாறு நிரலைத் திருத்தினால் 6 கிடைக்கும்.

மூன்றாம் படிதான் இதில் முதன்மையானது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என 247 எழுத்துகளையும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழல் கட்டளைகளால் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் விடை 1 என்று வருகிறதா எனச் சோதியுங்கள். நாலைந்து சொற்களைக் கொடுத்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ உறுதியானது. நெடுங்கணக்கில் ஓர் எழுத்தும் விடுபடாது.

நான்காம் படி: சோதனையையே சோதியுங்கள். குறிகளைத் தவிர்க்கும் வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு மீண்டும் இயக்கினால், உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18 ஆகிய 31 மட்டுமே தேற வேண்டும். மீதி 216 தவற வேண்டும். அப்போதும் 247 எழுத்துகளும் தேறினால், உங்கள் சோதனை எதையும் சோதிக்கவில்லை என்று பொருள்.

ஐந்தாம் படியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இதே நிரலைக் கொண்டு சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை அமைத்து அக்கா மகளிடம் கொடுத்தேன். அவள் ‘தோ பாயோ’ என்று சரியாகத் தட்டியும் ‘தவறு’ என்றே வந்தது, “சரியாத்தானே மாமா எழுதினேன்?” என்று அவள் கேட்டபோது எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. பழைய கோப்பிலிருந்து நான் எடுத்த பட்டியலில் ஓகாரக் குறி ஏகாரக் குறியாகவும் காலாகவும் பிரிந்து இரண்டு குறியீடுகளாக இருந்தது; அவள் தட்டியதிலோ ஒரே குறியீடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. எண்ணும் சோதனைகள் எல்லாம் தேறியிருந்தும், ஒப்பிடுவதற்கென ஒரு சோதனைகூட நான் எழுதியிருக்கவில்லை. ஒப்பிடும் முன் இரு சொற்களையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) என்னும் சீர்வடிவத்திற்கு மாற்றி, இரு வடிவங்களையும் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.

இறுதியாக, நிரல் உள்ள கோப்புறையை நண்பர் ஒருவரின் கணினியில் நகலெடுத்து, இயக்கும் முறை பற்றி நீங்கள் எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து அவரையே இயக்கச் சொல்லுங்கள். அவர் இயக்கி முடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறாரோ, குறிப்பில் அந்த வரியைத் திருத்துங்கள்.