டென்ஷன் டயலைத் தொடுவதற்கு முன்: மேல்நூல், கீழ்நூல் சிக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணியின் அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாகத் தொங்கினால் நம்மில் பலர் உடனே கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் சந்தேகிக்கிறோம். பாபின் கேஸை வெளியே எடுத்து, அதிலுள்ள குட்டி ஸ்க்ரூவை இறுக்குகிறோம். சுருள் நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்குகிறோம். கடைசியில் முன்பு நன்றாக இருந்த கீழ்நூலும் கெட்டு, ஒரு கோளாறு இரண்டாகிவிடுகிறது. தையல் மெஷினில் நடக்கும் தவறுகளில் இதுதான் மிகவும் பரவலானது என்பேன். ஏனென்றால் அடியில் தெரியும் சுருளுக்குக் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கிறது.

ஒரு தையல் எப்படி விழுகிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும். ஊசி மேல்நூலைத் துணிக்குள் இறக்குகிறது. அடிமட்டம் வரை போய்ச் சற்றே மேலேறத் தொடங்கும்போது, ஊசியின் பின்னால் நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்குகிறது. துணிக்கு அடியில் அசையும் கொக்கியான ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடித்து பாபினைச் சுற்றிக் கொண்டு போகிறது. அடுத்து ‘நூல் தூக்கி’ (மெஷினின் முன்பக்கம் மேலும் கீழும் போய்வரும் துளையுள்ள நெம்புகோல்) மேலேறி மிச்ச நூலைச் சுண்டி இழுக்க, இரண்டு நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. இரு பக்க இழுப்பும் சமமாக இருந்தால் பின்னல் துணியின் கனத்துக்குள் மறைந்துவிடும். மேல்நூலில் பிடிமானம் இல்லையென்றால் அது அடிப்பக்கம் வந்து குவியும். மாறாக, துணியின் மேற்பக்கம் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது பாபின் நூல் தளர்ந்திருக்கிறது. அடியில் குறை தெரிந்தால் முதலில் மேலே பார்க்க வேண்டும்.

பாதத்தை இறக்கி வைத்து நூல் கோர்ப்பது

மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் டயலுக்குப் பின்னால் இரண்டு வட்டத் தட்டுகள் இருக்கின்றன. நூல் அவற்றின் நடுவே ஓட வேண்டும். துணியை அழுத்தும் பாதம் மேலே இருக்கும்போது தட்டுகள் விலகியிருக்கும். பாதத்தை இறக்கினால் ஒன்றையொன்று அழுத்தும். பாதத்தை இறக்கிவிட்டு நூல் கோர்த்தால், மூடிய தட்டுகளின் விளிம்பிலேயே நூல் வழுக்கிப் போய்விடும். வெளியே பார்த்தால் கோர்த்தது சரியாகவே தெரியும். ஆனால் டயலை எந்த எண்ணில் வைத்தாலும் பலன் இருக்காது, தட்டுகள் நூலைப் பிடிக்கவே இல்லையே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பாதத்தைத் தூக்கிவிட்டு ஊசிப் பக்கத்திலிருந்து நூலை மெதுவாக இழுங்கள். தடையில்லாமல் வர வேண்டும். இப்போது பாதத்தை இறக்கி அதே நூலை இழுங்கள். ஊசி வளையும் அளவுக்குத் தடை தெரிய வேண்டும். இரண்டு முறையும் நூல் ஒரே மாதிரி லேசாக வந்தால் அது தட்டுகளுக்கு வெளியே இருக்கிறது, அல்லது தட்டுகளின் நடுவே பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. நூலை முழுவதுமாக உருவி, பாதத்தைத் தூக்கி வைத்து மறுபடி கோருங்கள். அடைத்திருந்தால் ஒரு மெல்லிய துணித் துண்டைத் தட்டுகளுக்கிடையே விட்டு இழுத்தாலே பஞ்சு வந்துவிடும். ஊசியையோ கத்தி முனையையோ விட்டுக் கிண்ட வேண்டாம்; தட்டில் கீறல் விழுந்தால் பிறகு நூல் அங்கேயே பிய்யும்.

நூல் தூக்கியின் துளையிலிருந்து நூல் நழுவிப் போவதும் இதே வகை. அப்படி நடந்தால் இரண்டு மூன்று தையலுக்குள் ஊசிக்குக் கீழே பெரிய சிக்கு விழுந்து மெஷின் இறுகி நின்றுவிடும். சக்கரத்தைப் பலம் போட்டுச் சுழற்றாமல், சிக்கை வெட்டி எடுத்துவிட்டு மேலிருந்து மறுபடி கோர்ப்பதே நல்லது.

ஊசியைக் கவனிக்காமல் விடுவது

நூல் அறுந்தாலும், தையல் விட்டு விட்டு விழுந்தாலும் நான் முதலில் மாற்றுவது ஊசியைத்தான். மெஷினில் மிக மலிவான உறுப்பு அது. முனை மழுங்கியதோ லேசாக வளைந்ததோ கண்ணுக்குத் தெரியாது. ஊசியின் தட்டைப் பக்கத்தை ஒரு கண்ணாடிப் பரப்பின் மேல் வைத்து, இடுக்கு வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். முனைவரை இடைவெளி ஒரே சீராக இல்லையென்றால் ஊசி வளைந்திருக்கிறது. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது பொதுவான கணக்கு. கனத்த துணியென்றால் அதற்கும் முன்பே.

மாட்டும் திசையிலும் பலர் தவறிவிடுகிறார்கள். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடுகிறது, மறுபக்கம் காதுக்கு மேலே சின்னக் குழிவு இருக்கிறது. நூல் எப்போதும் பள்ளமுள்ள பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். குழிவு ஷட்டிலைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டு மெஷின் ஊசியில் தட்டைப் பக்கம் பள்ளத்துக்கு எதிரே இருக்கும். முன்பக்கமிருந்து நூல் கோர்க்கும் மெஷினில் தட்டைப் பக்கம் பின்னோக்கிப் போகும். பக்கவாட்டில் கோர்க்கும் பழைய மெஷின்களில், ஊசிக்கு அருகேயுள்ள கடைசி நூல் வழிகாட்டி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பள்ளம் வர வேண்டும். ஊசி கொஞ்சம் திரும்பியிருந்தாலோ முழுவதுமாக மேலேறாமல் இருந்தாலோ, ஷட்டில் முனைக்கு வளையம் எட்டாமல் தையல் தாண்டிப் போகும்.

அடுத்தது அளவு. 90/14 என்றால் ஊசித் தண்டின் விட்டம் 0.9 மில்லிமீட்டர். இரண்டாவது எண்ணை வைத்துச் சொன்னால், மெல்லிய துணிக்கு 9 அல்லது 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. ஒரே நூல் துணியில் நிலைப்பதற்கு முன் ஊசிக் காது வழியே மேலும் கீழும் பலமுறை ஓடுகிறது. நூல் தூக்கி ஒவ்வொரு தடவையும் இழுக்கும் நீளத்தோடு ஒப்பிட்டால் ஒரு தையல் தின்னும் நூல் மிகக் கொஞ்சம்தான். அதனால் காது சிறியதாகவும் நூல் தடிமனாகவும் இருந்தால், நூல் அந்த உராய்விலேயே பிரிந்து பஞ்சாகி அறுந்துவிடும். டென்ஷனைக் குறைத்துப் பயனில்லை. டீ-ஷர்ட் போன்ற இழுபடும் துணிக்கு உருண்டை முனையுள்ள பால் பாயிண்ட் ஊசி வேண்டும். கூர்முனை ஊசியால் தைத்தால் இழை அறுந்து ஓட்டை விழும், தையலும் தாண்டும்.

பாபினில் நடப்பவை

பாதி பாபினில் ஒரு நிறம் மிச்சமிருக்க, அதன் மேலேயே வேறு நூலைச் சுற்றுவது வேண்டாம். சீராகச் சுற்றாத பாபின், ஓரம் வரை நிரம்பி வழியும் பாபின், வேறு மெஷினுக்கான பாபின் மூன்றுமே நூலை ஒருமுறை இறுக்கி, ஒருமுறை தளர்த்திக் கொடுக்கும். தையல் நல்லபடியாக வந்துகொண்டிருந்து திடீரென்று மாறினால் இங்கேதான் பார்க்க வேண்டும். ‘உள்ளே போகிறது, அதனால் சரி’ என்று வேறு அளவு பாபினை வைக்காதீர்கள். கொஞ்சம் உயரக் குறைவு இருந்தாலே குதிக்கும்.

வைக்கும் திசையும் முக்கியம். முன்பக்கம் கேஸோடு மாட்டும் பெரும்பாலான மெஷின்களில் நூலை இழுத்தால் பாபின் கடிகாரச் சுற்றாகச் சுழல வேண்டும்; மேலிருந்து உள்ளே போடும் வகையில் எதிர்ச் சுற்றாக. உங்கள் மெஷினின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கேஸின் வளைந்த ஸ்பிரிங்குக்கு அடியில் நூல் போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைக்கும் கையின் தவறுகள்

தையல் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பாதத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு மூன்று தையலைப் போடுங்கள். அதைச் செய்யாததால்தான் தொடக்கத்தில் அடியில் நூல் கொத்தாகச் சுருண்டுகொள்கிறது. முடிக்கும்போது நூல் தூக்கி உச்சியில் இருக்கும்போது துணியை எடுங்கள். சக்கரத்தை எப்போதும் நம்மை நோக்கியே சுழற்ற வேண்டும். பெடல் மெஷினில் காலால் மிதிக்கத் தொடங்கும்போது சக்கரம் பின்னோக்கிப் போனால் நூல் உடனே சிக்கும்.

பின்னால் துணியைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். துணியை நகர்த்துவது பாதத்துக்கு அடியிலுள்ள பற்களின் வேலை. நாம் இழுத்தால் ஊசி வளைந்து ஊசித்தட்டில் மோதும்.

டயலுக்கு வரும் நேரம்

நூல், ஊசி, பாபின், பஞ்சு எல்லாம் பார்த்த பிறகும் சமநிலை வரவில்லையென்றால் டயலைத் தொடலாம். 0 முதல் 9 வரை எண் உள்ள மெஷினில் 4 அல்லது அதற்குப் பக்கம் பொதுவான இடம். அரை எண் மாற்றி, தைக்கும் அதே துணியின் துண்டில், அதே இரண்டு மடிப்பில் தைத்துப் பாருங்கள். ஊசியில் ஒரு நிறமும் பாபினில் வேறு நிறமும் போட்டால் எது எங்கே தெரிகிறது என்று சட்டெனப் புலப்படும்.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமா? துணியின் குறுக்குச் சாய்வில், மூலை விட்டமாக ஒரு கோடு தைத்து, இரு முனையையும் பிடித்து ‘டக்’கென்று இழுங்கள். மேல்நூல் மட்டும் அறுந்தால் மேல்நூல் இறுக்கம். கீழ்நூல் மட்டும் அறுந்தால் அது இறுக்கம். இரண்டும் ஒன்றாக அறுந்தால் சமநிலை சரி.

பாபின் கேஸின் ஸ்க்ரூ இதற்கெல்லாம் பிறகுதான். நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டால் அது தானாக இறங்கக் கூடாது; கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். திருக வேண்டியிருந்தால் முதலில் ஸ்க்ரூவின் பிளவு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஸ்க்ரூவின் கால்வாசிச் சுற்றுக்கும் குறைவாகத் திருகுங்கள். தளர்த்தும்போது முழுச் சுற்றுத் திருகினால் அந்தக் குட்டி ஸ்க்ரூ கழன்று விழுந்து காணாமல் போகலாம்.

புது ஊசி, புது நூல், சுத்தமான மெஷின் எல்லாம் இருந்தும் நூல் பிய்கிறதென்றால் ஊசித்தட்டின் துளை விளிம்பையும் ஷட்டில் முனையையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். முன்பு ஊசி உடைந்தபோது ஏற்பட்ட சிறு பிசிறு நகத்தில் தட்டும். ஊசித்தட்டின் பிசிறை மிக மெல்லிய எமரித்தாளால் நாமே தேய்த்துவிடலாம். ஷட்டிலின் முனை முறிந்திருந்தால், அல்லது ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் தவறியிருந்தால், அதை மெக்கானிக் கையில் கொடுத்துவிடுங்கள்.