கியூஜிஐஎஸ்ஸில் வறுமை வரைபடம்: முதல் முறை செய்பவர்களுக்கு

அட்டவணையில் பார்த்தால் வறுமை வெறும் எண்களின் வரிசை. வரைபடத்தில் போட்டால்தான் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் நான்கும் ஒட்டிக் கிடக்கும் ஒரே நிலப்பரப்பு என்பது கண்ணில் படும்.

படி 1. கியூஜிஐஎஸ் வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள், இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். மாநில எல்லைகள் கொண்ட ஷேப்ஃபைல் (எல்லைக் கோடுகளைச் சேமித்து வைக்கும் வரைபடக் கோப்பு) ஒன்றும் தேவை. தரவுக்கு நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டை எடுப்போம் (வருமானத்தை அல்ல, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் உள்ள குறைகளை வைத்து வறுமையை அளப்பது). அதில் 2019-21 நிலவரப்படி மக்களில் ஏழைகளின் பங்கு: பீகார் 33.76, ஜார்க்கண்ட் 28.81, மேகாலயா 27.79, உத்தரப் பிரதேசம் 22.93, தமிழ்நாடு 2.20, கேரளம் 0.55 சதவீதம். எல்லா மாநிலங்களையும் இப்படிப் பெயருக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என இரண்டே பத்திகளில் (காலம்) தட்டி சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பாகச் சேமியுங்கள். எண்ணோடு சதவீதக் குறி வேண்டாம். போட்டால் மென்பொருள் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

படி 2. இரண்டு கோப்புகளையும் திறந்து, எல்லை லேயரின் (ஷேப்ஃபைல் திறந்ததும் வரும் அடுக்கு) பிராப்பர்ட்டீஸில் ‘ஜாயின்ஸ்’ போய் மாநிலப் பெயரை வைத்து இணையுங்கள். தடுக்கி விழும் இடம் இதுதான். பழைய ஷேப்ஃபைலில் ‘ஒரிசா’, ‘உத்தராஞ்சல்’ என்றிருக்கும். தெலங்கானா இருக்கவே இருக்காது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த மாநிலம் ‘நல்’ என்று காலியாக நிற்கும். லேயரின் தரவு அட்டவணையான ஆட்ரிபியூட் டேபிளைத் திறந்து ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.

படி 3. நிறம் பூசும் பகுதியான ‘சிம்பாலஜி’யில் ‘கிராஜுவேட்டட்’ (எண்ணுக்கேற்ற நிற அடர்த்தி), ஐந்து வகுப்புகள். ‘ஈக்வல் இன்டர்வல்’ (ஒவ்வொரு வகுப்புக்கும் சம எண் இடைவெளி) வைத்தால் பீகார், ஜார்க்கண்ட், மேகாலயா மட்டும் அடர்நிறத்தில் தனித்துத் தெரியும். ‘ஈக்வல் கவுன்ட்’ (ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கை மாநிலங்கள்) வைத்தால் 20.63 சதவீத மத்தியப் பிரதேசமும் பீகாரும் ஒரே நிறமாகிவிடும். தரவு மாறவில்லை, பார்ப்பவர் மனதில் பதிவது மாறிவிடுகிறது. அதனால் எந்த முறை என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

படி 4. இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டியது. ஏழைகளின் எண்ணிக்கை தெரிய, விகிதத்தை 2011 மக்கள்தொகையால் பெருக்கிப் பாருங்கள். நிறத்தில் உத்தரப் பிரதேசத்தை முந்தும் மேகாலயாவில் ஏழைகள் சுமார் 8 லட்சம் பேர். உத்தரப் பிரதேசத்திலோ நாலரைக் கோடிக்கும் மேல். நிறத்தை மட்டும் பார்த்து நிதி ஒதுக்கினால் அந்தக் கோடிக்கணக்கானவர்கள் விடுபட்டுப் போவார்கள். எண்ணிக்கைக்கு நிறம் பூச வேண்டாம்; ‘சென்ட்ராய்ட்ஸ்’ (மையப்புள்ளி) கருவியால் மாநிலத்துக்கொரு புள்ளி எடுத்து, எண்ணிக்கைக்கேற்ற வட்டமாக விகித நிறத்தின் மேலேயே வையுங்கள்.