டாக்டரிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள்பட்ட நோய் இருப்பதாகப் புதிதாகத் தெரியவந்தவர்கள் டாக்டரிடம் பேசும்போது ஏறத்தாழ எல்லோருமே ஒரே மாதிரி இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பழைய ரிப்போர்ட்டை வீட்டில் விட்டுவருவது, இரவெல்லாம் இணையத்தில் தேடிக் கலங்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

"மாத்திரை ஒழுங்கா போடுறேன் டாக்டர்"

மாத்திரையை நிறுத்திவிட்டு இப்படிச் சொல்வதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வகை மருந்து சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், ராத்திரித் தூக்கம் கெடும். நோயாளி யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அடுத்த முறை "போடுறீங்களா?" என்று கேட்டதும் தலை தானாக ஆடுகிறது. திட்டுவாரோ என்ற பயம், சொன்னபடி கேட்காத ஆள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

டாக்டருக்குத் தெரிவது 160/100 என்ற அளவு மட்டும். மருந்து போதவில்லை என்று முடிவுகட்டி அளவைக் கூட்டுகிறார், இன்னொன்றையும் சேர்க்கிறார். பிறகு வேறு ஏதோ காரணத்துக்காக அந்த நோயாளி மருத்துவமனையில் சேர்கிறார். சீட்டில் உள்ள அத்தனையையும் நர்ஸ் வேளை தவறாமல் கொடுக்க, அழுத்தம் சரிந்து, கழிவறைக்குப் போக எழுந்தவர் மயங்கி விழுகிறார். இருமலை அன்றே சொல்லியிருந்தால் லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றியிருப்பார்கள். அவற்றில் இந்த இருமல் அரிது.

இன்னொன்று, இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாதிரியான மருந்தை இதய நோயாளி திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். நிறுத்தியதை மறைப்பது அங்கே இன்னும் ஆபத்து.

ஆகவே ஆமாம், இல்லை என்று முடித்துவிடாதீர்கள். எண்ணிச் சொல்லுங்கள்: "போன வாரம் மூணு நாள் போடலை. ராத்திரி இருமல் தாங்கலை, அதான்." வாய் வரவில்லையா, மிச்சமுள்ள மாத்திரை அட்டையை மேசைமேல் வையுங்கள். மருந்து வாங்கப் பணமில்லை என்பதுதான் காரணமென்றால் அதையும் சொல்லுங்கள், விலை குறைந்த மாற்று பல மருந்துகளுக்கு உண்டு.

புதிதாக மருத்துவம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "நிறைய பேருக்கு நடுவுல விட்டுப்போகும். உங்களுக்குப் போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

எழுந்து கிளம்பும்போது முக்கியமானதைச் சொல்வது

முழங்கால் வலி, பசியின்மை எல்லாம் பேசி முடித்து, கதவைத் திறக்கும்போது "அப்புறம் டாக்டர், படி ஏறினா நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது" என்பார்கள். பயம் அதிகமுள்ள விஷயத்தைத்தான் மனசு தள்ளிப்போடும். பெக்மன், ஃபிராங்கெல் என்ற ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடிக்குள் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். ஆகவே நெஞ்சடைப்பு முதல் வாக்கியத்தில் வரட்டும்.

கெட்ட செய்தி கேட்ட நிமிஷத்திலேயே முடிவெடுப்பது

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு சொல்லப்படுவதில் பெரும்பகுதி மனதில் நிற்காது. கவனம் முழுக்க அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். "இன்னிக்கே முடிவு பண்ணணுமா, ஒரு வாரம் தள்ளலாமா?" என்று கேளுங்கள். கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும், அனுமதி கேட்டு போனில் பதிவும் செய்யலாம். கிளம்புமுன், புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிக்காட்டுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

"ஆபத்து பாதியாகக் குறையும்"

ஒரு மருந்தைப் பற்றி இப்படிச் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 100 பேரில் பாதிக்கப்படுகிற 40 பேர் 20 ஆவதும் பாதிதான், 2 பேர் 1 ஆவதும் பாதிதான். எத்தனை பேரிலிருந்து எத்தனை பேராகிறது என்று கேளுங்கள்.

ஓடிவந்த மூச்சோடு ரத்த அழுத்தம் பார்ப்பது

சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்காருங்கள். கையில் சுற்றிய பட்டை இறுகும்போது பேசாதீர்கள்.