அப்டேட் பாதியில் நின்று லினக்ஸ் பூட் ஆகவில்லையா?

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் மாங்காய் சீசனில் கூழ் ஆலைகள் மும்முரமாக ஓடுகிற நேரத்தில்தான் கோடை மழைக்கு முந்தின காற்றும் அடிக்கும், கரண்டும் போகும். ஆபீஸில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் இருப்பது உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸாக இருந்து, சரியாக அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருந்தால், மறுபடி ஆன் செய்ததும் 'கெர்னல் பேனிக்' என்று திரை நின்றுவிடலாம். கூடவே 'அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்' (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை) என்றும் இருந்தால் ஹார்ட் டிஸ்க் போச்சு என்று ஃபார்மேட் பண்ணக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்துவிட்டது, டிஸ்க்கை அடையாளம் கண்டு திறக்க அதற்கு வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாவதற்குள் கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான்.

பழைய கெர்னல் உள்ளேயே இருக்கும். ஆன் செய்தவுடன் எஸ்கேப் கீயை ஒரு தட்டு தட்டுங்கள் (பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள்), எந்தக் கெர்னலில் ஆரம்பிப்பது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் கெர்னல் எண்ணைத் தேர்ந்தெடுங்கள், ரெக்கவரி மோடு என்று போட்டிருப்பதை அல்ல. டெஸ்க்டாப் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இனி டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னல். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். முதலில் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. பாதியில் நின்ற பேக்கேஜ்களை அது முடித்து வைக்கும், விடுபட்ட இனிட்ராம்எஃப்எஸ்ஸும் வழக்கமாக இதிலேயே உருவாகிவிடும். அப்புறம் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', கடைசியில் 'சூடோ அப்டேட்-கிரப்', ரீஸ்டார்ட்.

நடுவில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்தால் 'டிஎஃப் -ஹெச் /பூட்' போட்டுப் பாருங்கள். இன்ஸ்டால் செய்யும்போது என்கிரிப்ஷன் போட்டவர்களுக்கு பூட் தனிப் பார்ட்டிஷனாக இருக்கும், பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பியிருக்கும். 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' போட்டால் வேண்டாதவை போகும். கையால் நீக்குவதாக இருந்தால் 'யூநேம் -ஆர்' எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதை மட்டும் தொடவே தொடாதீர்கள், இப்போது மெஷின் ஓடுவதே அதில்தான்.

வேறொரு புரோகிராம் பேக்கேஜ் வேலையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று 'லாக்' பிழை வந்தால் லாக் கோப்பை அழிக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

சரி, கெர்னல் நன்றாக ஏறுகிறது, வைஃபையோ என்விடியா கிராஃபிக்ஸ் கார்டோ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது வேறு கதை. ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் தயார் செய்து தருவது டிகேஎம்எஸ்; 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' போட்டு, புது கெர்னலுக்கு டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரைவரை உருவாக்கத் தேவைப்படும், அந்தக் கெர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜைப் போட்டதும் பல சமயம் சரியாகிவிடும்.

அடுத்த முறைக்கு ஒன்று. நெட் பாதியில் போனால் பயமில்லை, அப்டேட்டைக் கவனிக்கும் ஆப்ட் எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் பிரிக்கவே ஆரம்பிக்கும். பிரிக்கும்போது கரண்ட் போவதுதான் ஆபத்து. அதனால் 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு --டவுன்லோடு-ஒன்லி' என்று ஹாட்ஸ்பாட்டில் மெதுவாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலை யூபிஎஸ் சார்ஜ் இருக்கும்போதோ, லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்கும்போதோ வைத்துக்கொள்ளலாம்.