நகரக் கடற்கரையில் வசந்தகாலப் பறவை வலசை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கடற்சுவர் ஓரத்தில் இரண்டு இளைஞர்கள் கேமராவுடன் உள்ளான் என்ற கரையோரப் பறவைகளின் கூட்டத்தை நோக்கி நேரே நடந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் நடந்த அதே நடை. தொப்பி, தண்ணீர், பைனாகுலர் பற்றி எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓய்வெடுக்கும் கூட்டத்தைக் கிளப்புவது

கரையோரப் பறவைகளுக்குக் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம்தான் கடிகாரம். நீர் வற்றும்போது சேற்றில் இரை தேடும். நீர் ஏறும்போது நனையாத திட்டில் ஒண்டிக்கொள்ளும். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டிருக்கும் அந்தப் பறவைக்கு, தின்றது கொழுப்பாகச் சேரும் நேரம் அது. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை நெடும்பயணத்துக்கு முன் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஓர் இளம் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மானியா வரை 13,560 கி.மீ. தூரத்தை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. அதன் எரிபொருள் அந்தக் கொழுப்புதான். நாம் ஒருமுறை கிளப்பினால் அதில் ஒரு பங்கு வீணாகிறது. நகரக் கரையிலோ சுவரும் சாலையும் துறைமுகமும் போக மிஞ்சுவது ஒன்றிரண்டு திட்டுகள்தான். கிளம்பிய கூட்டம் எங்கே போகும்?

என் முதல் வசந்தத்தில் இருநூறு பறவைகள் இருக்கும். படத்துக்காக இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று போனேன். மூன்று முறை எழுந்து மூன்று முறை இறங்கின. நான்காம் முறை எழுந்தவை திரும்பவில்லை. அவற்றில் ஒன்றின் காலில், ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் கட்டும் வண்ணக் கொடி இருந்தது. அதிலிருந்த எழுத்தைப் படிப்பதற்குள் போய்விட்டது. எங்கே கொடி கட்டிய பறவை என்று இன்றுவரை தெரியாது. உடன் வந்த மூத்தவர் ஒன்றும் பேசாமல் முக்காலியை மடித்துக்கொண்டு கிளம்பினார். இதை இன்று யார் செய்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஓதம் உச்சம் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் ஓரிடத்தில் உட்காருங்கள். ஏறும் நீரே பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். செருகிய அலகு வெளியே வந்து, மடக்கிய கால் தரையைத் தொட்டு, தலைகள் நிமிர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள், பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள்.

குளிர்காலப் படத்தோடு ஒப்பிடுவது

கையேட்டின் குளிர்காலப் படத்தில் சாம்பல் நிறமாக இருக்கும் வளைமூக்கு உள்ளான் வசந்தத்தில் செங்கல் சிவப்பாகிவிடும். பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு கறுத்துவிடும். பாதி மாறிய நிலையில் திட்டுத்திட்டாக நிற்பவைதான் அதிகம் குழப்பும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு அலகின் வளைவையும் இரை எடுக்கும் விதத்தையும் பாருங்கள்.

தெளிந்த வானத்தை நம்புவது

தெளிந்த வானமும் பின்காற்றும் வாய்த்த நாளில் பறவைகள் உயரத்திலேயே கடந்துபோகும். எதிர்க்காற்றும் மழையும்தான் அவற்றைக் கீழே இறக்கும். இரவு மழை பெய்த விடியலை நான் தவறவிடுவதில்லை.

நாய்

கயிற்றில் இருந்தாலும் கூட்டம் எழும். வீட்டில் விடுங்கள்.

ட்ரோன்

வேண்டாம்.